பெனடிக்றுக்கு ஒரு பூசை

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவர் பாராளுமன்ற உறுப்பினர் யசிந்தா அல்ல. அவருடைய மகள் றொசானா. "அம்மாவைப் பற்றி எல்லாரும் எழுதிப்போட்டினம். என்னைப் பற்றி எழுதுங்கோ" என்றாள். சரி என்றேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் தாய்தான் முன்னால் வந்து நிற்கிறார். அரசியல்வாதிகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

2

முதல் தொடக்கம்: "மன்னார் பஸ் நிலையத்தருகே, கணவன் பெனடிக்றின் படத்தை ஏந்தியபடி வெயிலில் நின்ற அந்தப் பெண்…" வேண்டாம். இது தேர்தல் துண்டுப்பிரசுரம்.

இரண்டாவது: "கழுதைகள் படுத்திருந்த தெருவில்…" மன்னார் என்றால் கழுதை வந்தே ஆகவேண்டுமா?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடிந்த மாதத்தில் பெனடிக்றை யசிந்தாவே இராணுவத்திடம் ஒப்படைத்தார். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். விடவில்லை. "உயிரோட தந்தனாங்கள், உயிரோட தாங்கோ" என்று அவர் தெருவில் எழுப்பிய குரலுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் திரண்டார்கள். அந்தக் குரல்தான் அவரைப் பாராளுமன்றத்துக்கும் அனுப்பியது. ஒவ்வொரு வருடமும் கணவரின் பிறந்தநாளுக்குத் தேவாலயத்தில் பூசை கொடுப்பார், அவருடைய உடல்நலத்துக்காக. (இதை நான் கற்பனை செய்திருந்தால் மிகை என்று வெட்டியிருப்பேன்.)

3

றொசானாவுக்கும் டிலோஜனுக்கும் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முன், இறந்த பெற்றோருக்கு ஆத்துமப் பூசை கொடுத்து, சேமக்காலையில்* மெழுகுதிரி கொளுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"அப்பாவுக்கு ஆத்துமப் பூசை குடுக்கப்போறன்" என்றாள் றொசானா.

"அப்பா செத்திட்டார் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. அதுதானம்மா நான் ஒருநாளும் அழேல்ல."

"நான் ஓம் எண்டா, றோட்டில நிக்கிற சனத்தின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? அவளே விட்டுட்டாள் எண்டு அரசாங்கம் பைலை மூடிப்போடும்."

"நீங்கள் இப்ப றோட்டில இல்லையே, அம்மா."

இந்த வரியைக் கொஞ்சம் மென்மையாக்கப் பார்த்தேன். றொசானா விடவில்லை. [யசிந்தாவின் பதிலைப் பல விதமாக எழுதி அடித்தேன். உண்மையில் அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனாராம்.]

எனக்கு யசிந்தாவைப் பிடிக்கும். மகள் கேட்பதும் நியாயம். இருவரில் ஒருவரைக் கொஞ்சம் கெட்டவராக்கியிருந்தால் கதை எப்போதோ முடிந்திருக்கும்.

* சேமக்காலை: கல்லறைத் தோட்டம். பெனடிக்றுக்கு அங்கே இடமில்லை. ஆகவே இந்தச் சொல்லை இனிப் பாவிக்கமாட்டேன்.

4

றொசானா தாய்க்குச் சொல்லாமல் தகப்பனின் பெயரை ஆத்துமப் பூசைக்குக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, யசிந்தா வழக்கம்போல தேவாலயத்தின் முன்வரிசை வாங்கில் இருந்தார். புதிதாக வந்த பங்குச் சுவாமி, இறந்தோரின் பெயர்களை வாசித்தார்: செபஸ்தியாம்பிள்ளை, மேரி ரோஸ், பெனடிக்ற்.

முடிவு அ: யசிந்தா எழுந்து வெளியேறுகிறார். கைதட்டல் கிடைக்கும்.

முடிவு ஆ: முழந்தாளிட்டு அழுகிறார். இதற்கும் கிடைக்கும்.

இரண்டையும் அடித்துவிட்டேன். இறந்தோருக்கான செபத்தின் முதற்பாதியைச் சுவாமி சொல்லிவிட்டார். மறுபாதியைச் சனம் சொல்லவேண்டும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் யசிந்தாவின் முதுகையே பார்க்கிறார்கள். அவர் அசையவில்லை. சொன்னால் பெனடிக்ற் இறந்துவிடுவார். சொல்லாவிட்டால் றொசானா தன் தகப்பனுக்காக ஒருநாளும் அழமுடியாது.

கடைசி வாங்கில் நீங்கள் இருக்கிறீர்கள். றொசானா தனியாகச் சொல்லத் தொடங்கிவிட்டாள். சேர்ந்து சொல்வதோ சும்மா இருப்பதோ உங்கள் பாடு.