கோழிகளுக்குப் போகும் என் அறை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மறைப்பானேன்? நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தச்சர் என் அறைச் சன்னலைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் கம்பிவலை வரப்போகிறது. பழைய மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் போட்டிருந்த பாதியைத் தடுத்து, பதினோரு வருடமாக நான் எழுதிவந்த அறை இது. மாலைக்குள் கோழிக்கூண்டு. உத்தரவு அண்ணியுடையது.

2

முதல் தொடக்கம்: "ஈவிரக்கமற்ற ஒரு பெண் இருந்தாள். அவள்—"

அடித்துவிட்டேன். ஈவிரக்கமற்றவள் அறுபது குஞ்சுகளைச் சமையலறையில் அட்டைப்பெட்டிகளில் வைத்து, பல்பு போட்டுச் சூடு காட்டி வளர்ப்பாளா?

இரண்டாம் தொடக்கம்: "தையல் ஆலையை மூடிவிட்டதால் வேலை போன அண்ணி, கோழி வளர்த்தாவது—"

வேண்டவே வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் இரண்டாம் வரியிலேயே அவர் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். அறையிலும் இடமில்லை, கதையிலும் இடமில்லை என்றால் நான் எங்கேதான் போவது?

3

கொட்டகையின் மறுபாதி சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டேன். தச்சர் சிரித்தார்.

"அது மண்தரை சார். பெருச்சாளி ரெண்டே நாள்ல தோண்டி உள்ள வந்துடும். இது சிமெண்டு. கோழிக்குன்னே பார்த்துப் போட்ட மாதிரி இருக்கு."

போட்டது யார்? நான். புத்தகங்களைக் கரையான் அரிக்கக் கூடாதென்று என் கையாலேயே பூசிய தரை.* சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

* புத்தகங்கள் இப்போது அண்ணன் கட்டிலுக்கடியில். இத்தனை நடந்தும் அண்ணன் வாய் திறக்கவில்லை. அவரைக் கதாபாத்திரமாக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

4

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா அண்ணி?"

"மூணு தடவை கேட்டேன் தம்பி. மூணு தடவையும் 'ம்'னீங்க."

எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. எழுதும்போது யார் எதைக் கேட்டாலும் நான் 'ம்' என்பேன். 'ம்' என்றால் சம்மதம். [போன வருடம் என் சைக்கிள் இப்படித்தான் பக்கத்து வீட்டுக்குப் போனது.]

"எழுதறப்ப வந்து கேட்டா எப்படி?"

"நீங்க எழுதாம இருந்த நேரத்தைச் சொல்லுங்க, அப்ப வந்து கேக்கறேன்."

வசனம் எழுதுகிறவன் நான். அதை அப்படியே குறித்துக்கொண்டேன். ஆனாலும் சொல்வேன், இது அநியாயம். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்காக எனக்கு நடப்பது அநியாயம் இல்லையென்று ஆகிவிடாது.

5

முடிவு ஒன்று: நான் வாசலில் குறுக்கே நிற்கிறேன். தச்சர் திரும்பிப் போகிறார். குஞ்சுகள் சமையலறையிலேயே நெருக்கியடித்துக்கொண்டு— (நேற்று நான்கு செத்துவிட்டன. அவற்றைக் காகிதத்தில் சுற்றும்போது அண்ணி யார் முகத்தையும் பார்க்கவில்லை.)

முடிவு இரண்டு: நான் பெரிய மனதோடு விட்டுக்கொடுக்கிறேன். பொய். எனக்கு அவ்வளவு பெரிய மனது கிடையாது.

முடிவு மூன்று: அண்ணி இதோ உள்ளே வந்து, நான் எழுதிக்கொண்டிருக்கும் மேசையின் ஒரு முனையைப் பிடிக்கிறார்.

"வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க தம்பி, சன்னலை மாட்டச் சொல்லிடறேன். சரின்னா அந்தப் பக்கம் பிடிங்க."

தச்சர் சுத்தியலை நிறுத்திவிட்டார். மேசை கனமானது. பிடிப்பதென்றால் இரண்டு கையும் வேண்டும். பேனாவை வைத்தாக வேண்டும். நான் என்ன செய்தேன் என்பதை நீங்களே எழுதி முடித்துக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள், என் கோபத்தை மட்டும் குறைத்து எழுதாதீர்கள்.