பத்து மணி ரொட்டி

நான் ஜீவராணி, றக்வான பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கெம்பஸ்ல ரெண்டாம் வருஷம். போன தடவ கெமிஸ்ட்ரி ப்ரெக்டிகல் நடுவுல கை நடுங்கி, கண்ணு இருட்டி, அப்படியே விழுந்துட்டேன். இப்ப ரிப்பீட். இதையும் விட்டா ஒரு வருஷமே போச்சு.

"காலையில என்ன சாப்பிட்ட?"ன்னு கேட்டா நுஸ்கா. என் ரூம்காரி, வரக்காப்பொல ஊரு.

"சாயத்தண்ணி, பால் இல்லாத டீ."

"அது மட்டுமா?"

"வயிறு நெறஞ்சா தூக்கம் வரும், படிக்க ஏலாது. எங்கம்மா வெறும் சாயத்தண்ணி குடிச்சுட்டுத்தான் மலை ஏறி நாள் முழுக்கக் கொழுந்து எடுக்கிறாங்க. நானும் அந்த ரத்தந்தானே!"

"அடி லூசே, நோன்பு பிடிக்கிற நானே விடியமுன்ன சஹருக்கு எழும்பி வயிறு நெறைய சாப்பிடுறேன். நீ பிடிக்கிறது எந்த ஊரு நோன்பு?"

சுள்ளுன்னு கோவம் வந்துச்சு. அப்பவே அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன்.

"நீங்களே சொல்லுங்கம்மா, மலைக்கு என்ன சாப்பிட்டுப் போவீங்க?"

"சாயத்தண்ணிதான்."

நுஸ்காவ ஒரு பார்வை பார்த்தேன்.

"ரொட்டி பத்து மணிக்குத்தானே," அப்படின்னாங்க அம்மா.

"எந்த ரொட்டி?"

"மலையில திங்கிறதுதான்டி. என்கூட கொழுந்து எடுக்கிற மல்லிகா ரொட்டி சுட்டுக்கிட்டு வருவா, நான் தேங்காய்ச் சம்பல் கொண்டு போவேன். அது இல்லாம கூடை சுமக்க ஏலுமா? ஆமா, நீ ஏன் கேக்குற?"

"நானும் காலையில சாயத்தண்ணி மட்டுந்தாம்மா குடிக்கிறேன்," அப்படின்னேன். ஸ்கூல் பஸ்ஸப் பிடிக்கிற அவசரத்துல நான் பார்த்ததெல்லாம் அந்தச் சாயத்தண்ணிக் கோப்பையை மட்டுந்தான்.

"காய்ச்சல்னு சொன்னியே, அப்ப நீ விழுந்தது அதால இல்லையா?" அம்மா குரல் உடைஞ்சிருச்சு. "நீ பட்டினி கெடக்கவாடி நான் மலை ஏறுறேன்?"

"இனி கெடக்க மாட்டேம்மா," அப்படின்னேன்.

மறுநாளே கோதுமை மா பிசைஞ்சேன். முதல்ல வயிறு ஏத்துக்கல, தூக்கமும் வந்துச்சு. சாப்பிட்டுட்டு நின்னுக்கிட்டே படிச்சேன். ஆனா சாப்பிடுறத விடல.

ப்ரெக்டிகல் அன்னைக்கு நான் ரொட்டி சுட, நுஸ்கா சம்பல் இடிச்சா. "நோன்போட உப்புப் பார்க்க ஏலாது. கூடினா திட்டாத."

உப்பு கரிச்சுச்சு. அவ எதிர்லயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தா. ஒரு பொட்டு மிச்சம் வைக்காம தின்னேன்.

லேப்ல ப்யூரெட்டைத் திறக்கையில மணி பத்து. இந்நேரம் மலையில அம்மா ரொட்டியப் பிச்சிருப்பாங்க. ஒரு சொட்டு விட்டேன். இன்னொரு சொட்டு விட்டேன்.

கை நடுங்கல.