வட்ட மேசையில் முதல் காபி

1

இந்தக் கதையை எழுத வைத்தது ஒரு கிண்டல். கும்மிடிப்பூண்டி ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், நான் இன்னார் என்று தெரிந்ததும் சொன்னார்: "உங்க ஊட்டு ஆளு சடகோபன் மேசைய வட்டமாத்தான் போட்டாரு சாமி. ஆனா பேச்ச வரிசையில நிக்க வெச்சிட்டாரு." பெட்டியில் நாலு பேர் சிரித்தார்கள்.

சடகோபன் என் ஒன்றுவிட்ட தம்பி. திருவள்ளூரில் எங்கள் குடும்பத்துக்குத் தலைமுறைகளாகக் கோயிலில்... வேண்டாம், அந்தப் பெருமை இங்கே எதற்கு?

சிரித்தவர்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது கதையாகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: "எழுபதுகளின் நடுவில், தொழில் வளர்ச்சியை முன்னிட்டு" (அறிக்கை மாதிரி இருக்கிறது, அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ஒரு நெல் மில் கொட்டகையில், கேபிள் சுற்றிவந்த பெரிய மரச் சக்கரங்களைச் சடகோபன் படுக்கப் போட்டு, மேலே வெள்ளை வேட்டி விரித்துக்கொண்டிருந்தான். (இது இருக்கட்டும்.)

வரப்போகும் தொழிற்சாலையில் அவன் உத்தியோகஸ்தன். வேலியை எங்கே போடுவது என்று ஊராரிடம் கேட்க வேண்டும். மேனேஜர் மேடையும் மைக்கும் போதும் என்றார்.

"மைக் வெச்சா ஒருத்தர் பேசுவார் சார், நூறு பேர் கை தட்டுவா. நமக்கு வேண்டியது கைதட்டல் இல்லையே" என்றான் சடகோபன்.

நாலு மேசை, மேசைக்கு ஏழு பேர். எல்லோருக்கும் ஒரே கேள்வி: வேலி வந்தால் உங்களுக்கு என்ன போகும்? கடைசியில் மேசைக்கு ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். மேனேஜர் அங்கேயே வரைபடத்தில் கையெழுத்துப் போடுவார். ஒரு மேசைச் சத்தம் இன்னொன்றில் விழாமலிருக்க நடுவே நெல் மூட்டைகளை அடுக்கினான்.

(நல்ல யோசனைகள். தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை.)

3

அந்த மேசைகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்த பூவம்மாளை நான் பார்த்ததில்லை. ரயிலில் கேட்ட பெயர்தான். அவளை அழவைத்தால் எனக்கு வேலை மிச்சம். ஆகவே அவள் அழமாட்டாள்.

ஏரியிலிருந்து அவள் கழனிக்கு வரும் கால்வாய் வேலிக்குள் மாட்டிக்கொள்கிறது. கையெழுத்தாகிவிட்டால் கழனி தரிசுதான். அதைச் சொல்லத்தான் அவள் வந்தாள்.

காபி வந்தது. வட்டத்தில் முதல் இடம் கிடையாது. ஆனால் காபியை யாரிடமிருந்து தொடங்குவது? சடகோபனுக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. கோயிலில் யாருக்கு முதல் தீர்த்தம் என்பதைப் பார்த்தே வளர்ந்தவன் அவன். மேசைக்கு மேசை ஊர்ப்பெரியவரைப் பெயர் சொல்லி அழைத்து, முதல் டம்ளரைத் தன் கையாலேயே கொடுத்தான்.

பூவம்மாள் மேசையில் அது துளசிராமன்; அந்த ஊரில் அதிக நிலம் அவருக்குத்தான். முதல் காபி வாங்கியவர் முதலில் பேசினார்.

"வேலிய எங்க வேணா போட்டுக்கட்டும். நமக்கு இன்னா?"

"நைனாவே சொல்ட்டாரு, அப்புறம் இன்னா?" என்றார் பச்சையப்பன், அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த விவசாயி. மற்றவர்கள் காபியை ஆற்றத் தொடங்கினார்கள்.

4

"நீங்க ஒண்ணும் சொல்லலியேம்மா?" என்று சடகோபன் கேட்டான்.

"பெரியவரு சொல்ட்டாரு. அதுக்கு மேல நான் வாயத் தொறந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் பூவம்மாள்.

முதல் டம்ளர் செய்த வேலை அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற மேசைகளும் இப்படித்தான் அடங்கிக் கிடந்தன. கொடுத்த மரியாதையைப் பிடுங்க எங்கள் வீட்டில் பிறந்தவனுக்குக் கை வராது. அதனால் மேசை மேசையாகப் போய் அந்த மரியாதையின் மேலேயே ஒரு சுமையை ஏற்றினான். முதலில் துளசிராமனிடம் குனிந்தான்.

"பெரியவரே, ஒவ்வொருத்தரையும் கேட்டு, அவங்க சொன்னத அப்படியே எழுந்து சொல்ற பொறுப்பு உங்களோடது."

துளசிராமன் துண்டைச் சரிசெய்துகொண்டார். "ஏம்மா பூவம்மா, உனக்கு இன்னா போவுது?"

"கால்வா போவுது நைனா. உங்களுக்கு பம்ப்செட் கீது. எனுக்குத் தண்ணி வானத்துலேர்ந்தா குதிக்கும்?"

"அட, என் நெலத்துக்கும் அதே கால்வாதான்!" என்றார் பச்சையப்பன்.

"இத்தினி நேரம் இன்னாய்யா பண்ணிக்கினு இருந்த?" என்று துளசிராமன் கேட்டார்.

"காபி குடிச்சிக்கினு இருந்தேன்."

5

துளசிராமன் எழுந்தார். ஊர் பார்க்க, தன் சொல்லைத் தானே மாற்ற வேண்டும்.

முதல் முடிவு: கணீரென்று சொல்கிறார், வேலிக்கோடு நகர்கிறது. எங்கள் குடும்பப் பெயர் தப்புகிறது. எனக்குப் பிடித்த முடிவு, அதனாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகம்.

இரண்டாவது: "எங்க மேசையில எல்லாருக்கும் சம்மதம்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார். (இதை எழுதும்போது கை கூசியது. ஆனால் நடக்கக்கூடியது.)

மூன்றாவது: பூவம்மாள் தானே எழு...

எழுதி, அடித்துவிட்டேன். நான் எழுப்பினால், எங்கள் வீட்டான்தான் அவளை எழுப்பிவிட்டான் என்ற பெயர் எங்களுக்கு வரும். எங்களுக்குச் சேராத பெயர் எங்களுக்கு வேண்டாம்.

மேனேஜர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். துளசிராமன் தொண்டையைச் செருமுகிறார். பூவம்மாள் மேசை விளிம்பில் கையை ஊன்றியிருக்கிறாள். இனி நீங்கள் சொல்லுங்கள்.