சாவு நாற்காலியில் சவரியார்

எங்கள் தெருவுக்கு நாற்காலி என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் அதுவரை உயிரோடு யாரும் உட்கார்ந்ததில்லை.

நல்ல தேக்கு. நாலு பேர் தூக்கினால் வேடிக்கை பார்க்கிற ஐந்தாவது ஆளுக்கும் மூச்சு வாங்கும். யாராவது கண்ணை மூடிவிட்டால் மாதா கோயில் சாமான் அறையிலிருந்து அது கிளம்பி வரும். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, அதில் உட்கார வைத்து, தலை சாயாமல் துணியால் பின்பக்கம் சேர்த்துக் கட்டி, கையில் செபமாலையைச் சுற்றிவிட்டால், ஆயுசு முழுக்கத் தரையில் சம்மணம் போட்டவன்கூடக் கலெக்டர் மாதிரி இருப்பான். பெட்டியில் இறக்கிய பிறகு நாற்காலியைக் கழுவிக் காயவைத்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். ஏலாக்குறிச்சியில் எங்கள் தெருக்காரன் நாற்காலி சுகம் காண வேண்டுமானால் செத்துத்தான் ஆக வேண்டும். மற்றபடி உண்பது, உறங்குவது, ஊர்வம்பு பேசுவது எல்லாமே தரையில்.

சவரியாரை மடக்கிப் போட்டதும் அந்தத் தரைதான். என் அடுத்த வீட்டுக்காரர். அறுபத்தெட்டு வயதில், உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த நாற்பத்து நாலாம் வருஷ ஆவணி மழையில், விஷக்காய்ச்சல் வந்து பாயோடு பாயாகக் கிடந்தார். காய்ச்சல் போயிற்று. போகிற போக்கில் இரண்டு தொடைகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நிறுத்தி வைத்தால் நிற்பார். தடியூன்றி நடக்கவும் நடப்பார். உட்கார்ந்தால் மட்டும் எழ முடியாது. சாப்பிட உட்கார்ந்தால் ஒருவர் தூக்க வேண்டும். கொல்லைப்பக்கம் போனாலும் பின்னால் ஒருவர் நின்று தூக்க வேண்டும். மானஸ்தர் அல்லவா, கொல்லைக்குப் போகிற வேலை குறையட்டும் என்று சோற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

தூக்கியது அவர் சம்சாரம் மதலேன். ஆடிக் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அவளைக் கொள்ளிடத்துக்கு அக்கரையில் போய்த்தான் தேட வேண்டும். அப்படி ஓர் உடம்பு. அவர் அக்குளில் கையைக் கொடுத்து, "மாதாவே!" என்று மூச்சை இழுத்துத் தூக்குவாள். அந்தச் சத்தம் சுவர் தாண்டி என் வீட்டுக்கு வரும். வர வர அதில் பக்தி குறைந்து வலி கூடிக்கொண்டே போனது.

அரியலூர் ரயில் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டவுன் டாக்டர்களைத் தெரியும் என்று பெருமை வேறு அடித்துவைத்திருந்தேன். எனவே நானே அவர்கள் இருவரையும் கரி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிய காலம். ஏலாக்குறிச்சியில் ஏறும்போது மீசை முளைக்காதவன் அரியலூரில் இறங்கும்போது சவரம் பண்ணிக்கொள்ள வேண்டியிருக்கும்.

டாக்டர் காலைத் தட்டிப் பார்த்தார்.

"எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு பெரியவரே. படுத்துப் படுத்தே காலுக்கு வேலை மறந்துபோச்சு. இதுக்கு மருந்து கிடையாது. நாற்காலியில உக்காருங்க. கையை மாருல கட்டிக்கிட்டு, மூக்கை முட்டிக்கு நேரா கொண்டாந்து, எந்திரிங்க. மெதுவா உக்காருங்க. மறுபடியும் எந்திரிங்க. காலையிலும் சாயங்காலமும். அது பழகினதும் சின்ன முக்காலி. அப்புறம் தரை. வீட்டுல நாற்காலி இருக்குல்ல?"

சவரியார் மதலேனைப் பார்த்தார். மதலேன் என்னைப் பார்த்தாள்.

"இருக்குங்க," என்றாள். "ஆனா அது வூட்டுக்கு வர்ற நேரம் வேற."

வெளியே வந்ததும் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இனி அவள் அந்த மனிதரைத் தூக்கினால் அவளையும் ஒரு நாள் யாராவது தூக்கும்படி ஆகிவிடும் என்று சொன்னார். அவள் அதை வீட்டில் சொல்லவில்லை.

கயிற்றுக் கட்டிலில் முயன்று பார்த்தார்கள். தொட்டிலில் விழுந்த மாதிரி உள்ளே போன சவரியாரை எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. புதிதாக ஒன்று செய்யலாம் என்றால், தச்சன் பட்டாளத்துக்குச் சாமான் பெட்டி அடிக்கத் திருச்சிக்குப் போய்விட்டான். கடைசியில் மதலேன் கோயில் சாமியாரிடம் போய் நாற்காலியைக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, யாருக்காவது தேவைப்படும்வரை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

நாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்ததுதான் தாமதம், உலையில் அரிசி போட்டவள் போட்டபடி, தலைக்கு எண்ணெய் வைத்தவள் வைத்தபடி ஓடிவந்தார்கள். அடுத்த தெரு இருசம்மாள் வழியிலேயே முடியை அவிழ்த்துக்கொண்டு, வாசலுக்கு வருமுன் பாதி ஒப்பாரியை முடித்துவிட்டாள்.

"மலை சாஞ்சுபோச்சே, மதலேனு தனியாப் போனாளே..."

உள்ளிருந்து சவரியார் கத்தினார். "ஏ இருசு! மலை இன்னும் சாயலை. கஞ்சி குடிச்சிக்கிட்டு இருக்கு!"

"அடப்பாவி மனுசா! இருக்கியா?" இருசம்மாள் முடியை அள்ளி முடிந்தாள். "அப்ப எதுக்குய்யா நாற்காலியக் கொண்டாந்தாங்க? நான் அழுத அழுகைய யாரு திருப்பித் தருவா?"

"கணக்குல வச்சுக்க. வரும்போது கழிச்சுக்கலாம்."

சிரித்தார்கள். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு சவரியார் அந்த நாற்காலியைப் பார்க்கவே இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கைப்பிடியில், பிணங்களின் கையைக் கட்டிய கயிறு உராய்ந்து உராய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. எனக்கும் பார்க்கப் பிடிக்கவில்லை.

"எனக்கு முந்தி அதுல உக்காந்தவன் ஒருத்தனும் எந்திரிச்சதில்லை," என்றார். "டாக்டருக்கு அது தெரியுமா?"

பல நாள் கெஞ்சிப் பார்த்த மதலேன் ஒரு காலையில் தானே போய் அதில் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. நான் இதுலயே இருக்கேன்."

சவரியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏ புள்ள, எந்திரி! எந்திரிடி! நான் உக்காந்து தொலைக்கிறேன்."

அப்படித்தான் ஆரம்பமானது. அவர் கையைக் கட்டிக்கொள்வார். "மூக்கு, மூக்கு!" என்பாள் மதலேன். மூக்கு முன்னே போகும், பின்பக்கம் நாற்காலியை விட்டு ஒரு நெல்லளவு கிளம்பும், பிறகு தொப்பென்று விழும். அந்த அதிர்ச்சியில் என் வீட்டுப் பானை உருண்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நெல்லளவு விரலளவானது, விரலளவு சாணானது. கார்த்திகை கழிவதற்குள் மதலேன் ஒற்றை விரலைப் பிடிக்கக் கொடுத்தால் போதும், எழுந்துவிடுவார். சுவர் தாண்டி வந்த "மாதாவே" தேய்ந்து, "மூக்கு" மட்டும் கேட்டது.

அப்போதுதான் எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் குழந்தைவேல், செந்துறை பஸ்காரர்கள் அரியலூரில் சொல்லிவிட்ட சேதியைக் கொண்டுவந்தான். செந்துறையில் அவர்கள் ஒரே மகள் மரிய செல்வம் இருந்தாள், வாத்தியார் சம்சாரம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்தது. இது நெடுநாள் கழித்து உண்டான மூன்றாவது. குலுங்கிக் குலுங்கிப் பஸ்ஸில் வரக்கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். மாமியாரும் இல்லை.

"கால் ரெண்டும் வீங்கியிருக்காம், அம்மா. மாசம் நெருங்கிடுச்சாம். நீங்க வந்து பக்கத்துல இருந்தா தேவலாம்னு சொல்லிவுட்டாங்க."

மதலேன் ஒரு முறை நாற்காலியைப் பார்த்தாள். "விரலு குடுக்காம இவரு தானா எந்திரிக்கிற அன்னிக்கு அடுத்த பஸ்ஸுல வந்துடுறேன்னு சொல்லு தம்பி."

மறுநாளிலிருந்து சவரியாரின் கால் மக்கர் பண்ணியது. சாணளவு விரலளவாயிற்று, விரலளவு மறுபடியும் நெல்லளவாயிற்று.

"இடுப்புல ஆணி அடிச்ச மாதிரி இருக்கு புள்ள. இன்னிக்கு முடியாது."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க."

"ஆணி நேத்து அடிச்சதுதானே?"

மறுபடி "மாதாவே" கேட்க ஆரம்பித்தது. குழந்தைவேல் இன்னொரு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனான். மதலேன் உள்ளே போய் நல்லெண்ணெயைக் காய்ச்சினாள். அவர் தொடையில் தேய்த்த எண்ணெயில் பாதி அவள் கண்ணீராக இருக்கும். எனக்கும் அவர் மேல் பரிதாபம்தான் வந்தது.

மார்கழிப் பனி விழுந்த ஓர் இரவில், கடைசி வீட்டுப் பிலவேந்திரன் இறந்துபோனார். விடிந்ததும் நாலு பேர் சவரியார் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நானும் கூடப் போயிருந்தேன். சவரியார் நாற்காலியில் உட்கார்ந்து, மதலேன் வந்து தூக்கக் காத்திருந்தார்.

"பெரியப்பா, பிலவேந்திரன் மாமா போயிட்டாரு. நாற்காலி வேணும்."

சாவு வந்து நாற்காலியைக் கேட்கிறபோது அதில் உட்கார்ந்திருந்தால் அடுத்த முறை அது தனக்குத்தான் என்று அவருக்கு யார் சொன்னார்களோ, துப்பாக்கிக்குண்டு மாதிரி எழுந்தார். மூக்கும் இல்லை, முட்டியும் இல்லை. எழுந்தது மட்டுமா, தோள் துண்டால் நாற்காலியைத் துடைத்து, வாசல்வரை இழுத்து வேறு விட்டார்.

அடுப்படி வாசலில் மதலேன் நின்றிருந்தாள்.

நாலு பேரும் நாற்காலியோடு போனார்கள். நான் போயிருக்க வேண்டும், போகவில்லை.

"எப்பலேருந்து?" என்றாள்.

சவரியார் தரையைப் பார்த்தார்.

"உங்களத்தான். எப்பலேருந்து தானா எந்திரிக்கிறீங்க?"

"குழந்தைவேலு மொத தடவ வந்துட்டுப் போனானே... அதுக்கு மறுநாளு. நீ கொல்லையில இருந்தப்ப." அவர் தோள் துண்டைத் திருகினார். "காய்ச்சல்ல கெடந்தப்ப எப்ப கண்ணத் தொறந்தாலும் நீ இருந்த. நீ போயிட்டா... பயமா இருந்துச்சு புள்ள."

"அவளுக்குப் பயமா இருக்காதா?"

அவ்வளவுதான் கேட்டாள். கஞ்சிச் சட்டியைத் தரையில் மூடிவைத்தாள். பக்கத்தில் ஊறுகாயும் தண்ணீர்ச் செம்பும். இரண்டு சேலையைத் துணியில் சுற்றினாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்துபோனாள். அவ்வளவு நாளும் அவள் அப்படிச் சாய்ந்துதான் நடந்திருக்கிறாள், நாங்கள் பார்க்கவில்லை.

"நாளைக்குப் போயேன்," என்றார் சவரியார்.

"முந்தியே போயிருக்கணும்," என்று தெருவிலிருந்து பதில் வந்தது.

தெருவே சாவு வீட்டில் இருந்தது. உச்சிவேளையில் சுவருக்கு அந்தப் பக்கம், "ராசாங்கம், யோவ் ராசாங்கம்!" என்று சவரியார் என்னைக் கூப்பிடும் குரல் கேட்டுப் போனேன். கஞ்சி குடிக்கத் தரையில் உட்கார்ந்தவர் அப்படியே இருந்தார். நாற்காலியிலிருந்து எழப் பழகிய கால், தரையிலிருந்து எழப் பழகவில்லை.

கை நீட்டினேன்.

"தொடாதய்யா. யாரும் என்னைத் தூக்க வேணாம். நானே எந்திரிக்கிறேன்."

பக்கவாட்டில் சாய்ந்தார், முட்டி போட்டார், தவழ்ந்தார், மறுபடி உட்கார்ந்தார். வழி சொல்லித்தருகிறேன் பேர்வழி என்று நானும் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, என் முட்டியும் சவரியார் கட்சியில் சேர்ந்துவிட்டது என்று. இரண்டு கிழவர்கள், நடுவில் ஒரு கஞ்சிச் சட்டி. கோயிலில் துக்கமணி அடித்தது. பிலவேந்திரன் நாற்காலியில் ராஜா மாதிரி இருப்பார் என்று நான் சொன்னேன். சவரியார் சிரிக்கவில்லை.

சாயங்கால பஸ் வந்தது. குழந்தைவேல் வீட்டுக்குள் வந்து, எங்களைப் பார்த்துத் தயங்கி நின்றான். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"அம்மா அங்க போறதுக்கு முந்தியே பிரசவம் ஆயிடுச்சாம். நேத்துப் பொழுதோட. புள்ள தங்கலைங்க. தாயி பொழைச்சுக்கிட்டாங்க. வலி கண்ட நேரமெல்லாம் அம்மா, அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டே கெடந்தாங்களாம்."

சவரியார் கஞ்சிச் சட்டியை ஓரமாகத் தள்ளினார். பிறகு இரண்டு கைகளையும் அவனை நோக்கி நீட்டினார்.

"தூக்குப்பா. என்னைத் தூக்கி பஸ்ஸுல போடு."

மறுநாள் காலை பஸ்ஸில்தான் போக முடிந்தது. நானும் கூடப் போனேன். அரியலூரில் பஸ் மாறினோம். செந்துறையில் பஸ்காரர்கள் இரண்டு பேர் அவரைச் சுமந்துவந்து, மகள் வீட்டு வாசற்படியில் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள்.

சத்தம் கேட்டு மதலேன் வெளியே வந்தாள். முகம் கறுத்துக் கிடந்தது. நான் குனிந்து அவர் தோளைப் பிடித்தேன்.

"நீங்க விடுங்கண்ணே," என்றாள். அவரைப் பார்த்துச் சொன்னாள்: "எந்திரிச்சு உள்ள வாங்க. இந்த வூட்டுல யாருக்கும் யாரையும் தூக்குறதுக்குத் தெம்பு இல்லை."

படி, நாற்காலியில் பாதி உயரம்கூட இல்லை. சவரியார் கையை மார்பில் கட்டினார். மூக்கை முன்னே கொண்டுபோனார். விழுந்தார். மறுபடி கட்டினார். விழுந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மதலேன் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. அவர் எழுந்து முடிப்பதற்குள் ஒரு கோபுரத்தைக் கட்டிக் கும்பாபிஷேகமே நடத்தியிருக்கலாம். எழுந்துவிட்டார். வேட்டி நனைந்திருந்தது, வியர்வையோ வேறெதுவோ.

உள்ளே மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வயிற்றில் துணி கட்டியிருந்தது. தொட்டில் கட்டும் கொக்கி மேலே வெறுமனே இருந்தது. திரும்பிப் பார்த்து, "வாங்கப்பா," என்றாள். மதலேன் ஒரு பாயை எடுத்து விரித்தாள்.

"உக்காருங்கப்பா."

"வேணாம்மா," என்றார் சவரியார். "உக்காந்தா உங்கம்மாதான் தூக்கணும்."

சாயங்காலம் பஸ் கிளம்பும் நேரம்வரை நான் அங்கே இருந்தேன். சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இரண்டு தொடையும் நடுங்க நடுங்க, மகள் தலைமாட்டில் அவர் நின்றுகொண்டே இருந்தார்.