பௌதிலியோ வீட்டு அடுப்பு

எதெல்மிராவைப் புதைத்த நாற்பத்தோராம் நாள், அவள் வீட்டு விறகடுப்பு அவளுடைய குரலிலேயே இருமத் தொடங்கியது. ஜூலை மாதம், அந்தத் தென்கோடி நாட்டில் நடுக் குளிர்காலம், செவ்வாய்க்கிழமை. பாலத்தில் பனி உறைந்திருந்தது, முட்டை விலை ஏறியிருந்தது. இரண்டு குட்டை இருமல், ஒரு நீள இருமல், அப்புறம் தொந்தரவு கொடுத்துவிட்டேனே என்பதுபோல ஒரு சின்னச் செருமல். கொய்யாய்க்கே ஊரின் மேட்டுத் தெருவில் அதைப் பதினோரு வருடமாகக் கேட்டவர்களுக்கு யாரும் அடையாளம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நோல்ஃபா, "எதெல்மிரா, சால்வையைப் போட்டுக்கோ" என்று பழக்கத்தில் குரல் கொடுத்தாள். அப்புறம்தான் அவள் செத்துப்போனது ஞாபகம் வந்து சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். மீதித் துணியையும் காயப்போட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

எதெல்மிராவின் புருஷன் பௌதிலியோ முப்பது வருடம் நெடுஞ்சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமை: வருடத்துக்கு ஒரு தீப்பெட்டிகூடத் தீராது. படுக்கப் போகுமுன் அடுப்பின் வயிறு நிறைய விறகைத் திணித்து, காற்று புகும் துளையின் தகட்டை இறுக்கி மூடிவிடுவார். நெருப்பு எரியாது, சாகவும் செய்யாது. விடியும்வரை உள்ளேயே புழுங்கிக்கொண்டு கிடக்கும். காலையில் தகட்டைத் திறந்தால் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்துவிடும். தெருவில் எல்லோரும் அப்படித்தான் மூடுவார்கள், ஆனால் அவரைப்போல மூட ஆள் கிடையாது. அப்படிப் புழுங்கும் அடுப்புகளின் புகை மலைகளைத் தாண்டத் தெரியாமல், பானைக்கு மூடி போட்ட மாதிரி ஊரின்மேல் உட்கார்ந்திருக்கும். அரசாங்கம் இதைக் கண்டுபிடித்து, எச்சரிக்கை நாள், அவசர நாள் என்று நாள்களுக்குப் பெயர் வைத்து வானொலியில் வாசித்தது. அவசர நாளில் மாலை ஆறு மணிக்குமேல் எந்தக் கூரையிலிருந்தும் புகை கண்ணில் படக் கூடாது. ஐந்தரைக்கே இருட்டிவிடுகிற ஊரில் கண்ணில் படுவதாவது என்று தெரு சிரித்தது. சிரித்துவிட்டு இருமியது.

எதெல்மிராவின் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்த மருத்துவர், வீட்டில் யார் சிகரெட் பிடிக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை. அப்படியானால் காய்ந்த விறகு வாங்குங்கள், ராத்திரி தகட்டைத் திறந்து வையுங்கள் என்றார். பௌதிலியோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். அன்று ராத்திரி அவள், "கொஞ்சம் திறந்து வையேன், மனுஷா" என்று கேட்டதும், "விடியக்காலம் உனக்குத்தான் குளிரும்" என்று சொல்லி அவர் மூடியதும் தெருவுக்கே தெரியும். அங்கே எல்லாமே பலகைச் சுவர். அவளுடைய கடைசி ஜூன் மாதத் தொடக்கத்தில் நான்கு நாள் அவர் ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது, வீட்டில் அடுப்பு பல வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அணைந்தது. ஐந்தாம் நாள் திரும்பி வந்தபோது பற்றவைக்கத் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அது அவளுக்குத்தான் தெரியும்.

அடுப்பு இருமுகிறது என்றதும் ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். தகரவேலைக்காரன் வந்து, குழாயில் கரி அடைத்திருக்கிறது என்று நீளத் தூரிகை விட்டுக் குடைந்து மூன்று வாளி கரி எடுத்தான். அதன்பிறகு இருமல் சளி இல்லாமல் சுத்தமாகக் கேட்டது. பாதிரியார் தெளித்த தீர்த்தம் இரும்பில் பட்டுச் சுர்ரென்றது, அவ்வளவுதான். நோல்ஃபா வெங்காயமும் தேனும் போட்டுக் காய்ச்சிய சாற்றைக் கிண்ணத்தோடு அடுப்பின்மேல் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் குறைந்தது. தன் மருந்து வேலை செய்கிறது என்று அவள் தெரு முழுக்கச் சொல்லி முடித்த மூன்றாம் நாள் பழையபடி ஆரம்பித்தது.

பௌதிலியோ வண்டி ஓட்டின மனிதர். எந்த நட்டைத் திருகினால் எந்தச் சத்தம் வருகிறது என்று பார்க்கத் தெரிந்தவர். ஒரு வாரம் சோதித்து உண்மையைக் கண்டுபிடித்தார். காய்ந்த விறகைப் போட்டுத் தகட்டைத் திறந்து வைத்தால் அடுப்பு பளபளவென்று எரிந்தது, கூரையில் புகையே இல்லை, உள்ளே சத்தமே இல்லை, உலகத்து அடுப்புகளைப்போல அதுவும் ஒரு அடுப்பு. ஈர விறகைத் திணித்துத் தகட்டை இறுக மூடினால்தான் எதெல்மிரா வந்தாள். எது அவளைக் கொன்றதோ அதைச் செய்தால்தான் அவள் வீட்டில் இருந்தாள். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் விறகு வண்டிக்காரனிடம் ஈர விறகு வேண்டும் என்று கேட்க வேண்டி வந்தது. முப்பது வருடமாக ஈர விறகைக் காய்ந்தது என்று சத்தியம் பண்ணி விற்றவன் அவன். முதல் தடவையாக, நிஜமாகவே ஈரம்தான் என்று சத்தியம் பண்ண வேண்டி வந்ததில் அவனுக்கு ரொம்ப வருத்தம். கௌரவத்தில் அடி விழுந்தவன்போல இரண்டு மூன்று வாரம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

இப்படி இரண்டு குளிர்காலம் போனது. பகல் சாப்பாடு முடிந்ததும் பௌதிலியோ தகட்டை மூடுவார், மாத்தே தேயிலை போட்ட குவளையில் வெந்நீர் ஊற்றிக் குழலை உறிஞ்சிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்காருவார். யார் வீட்டில் பன்றி வெட்டினார்கள், யார் மகள் வடக்கே ஓடிப்போனாள் என்று சேதி சொல்வார். அவளுக்கு அதெல்லாம் பிடிக்கும். ஒருநாள் மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆரம்பித்து, "அன்னிக்கு டாக்டர் சொன்னப்பவே..." என்றதும் இருமல் அதிகமாகிவிட்டது. அதற்குப்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மன்னிப்பு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இருந்தால் போதும். நாளையிலிருந்து தகட்டைத் திறந்துவிட வேண்டும் என்று தினமும் சாயங்காலம் முடிவு செய்தார். மறுநாள் பகல் சாப்பாடு முடிந்ததும் மூடினார்.

அந்தப் புகை நேராக நோல்ஃபா வீட்டுக்குத்தான் இறங்கும். அங்கே அவளுடைய பேத்தி, மூன்று வயது யாஸ்னா, முகத்தில் மருந்துக் குப்பியை வைத்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். நோல்ஃபா வேலிக்கு வந்தாள்.

"அண்ணே, அவ உள்ள உக்காந்து இருமறா, என் பேத்தி இங்க உக்காந்து இருமறா. நான் யாருக்கு வெங்காயச் சாறு காய்ச்சறது?"

"ஊர் பூராவும் புகைதானே நோல்ஃபா. என் ஒரு அடுப்புலயா குழந்தைக்கு வருது?"

"ஊர் பூராவும் என் ஜன்னலுக்கு நேரா இல்லியே."

நோல்ஃபா அன்றைக்கே புகையைக் கண்காணிக்கும் அரசாங்க அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டு, பெயர் சொல்லாமல், ஆனால் குரலை மாற்றாமல், புகார் கொடுத்தாள்.

வந்த ஆய்வாளர் பர்ரியா என்ற இளைஞன், நல்லவன், காலணிக்குள் தண்ணீர் போய் நடுங்கிக்கொண்டிருந்தான். கூரையில் புகை கம்பளி மாதிரி தொங்கியது; அபராதச் சீட்டை எடுத்துவிட்டான். அந்த நேரம் உள்ளிருந்து இரண்டு குட்டை, ஒரு நீளம், ஒரு செருமல். பர்ரியா பேனாவைத் தாழ்த்தினான்.

"வீட்ல எத்தனை பேரு, ஐயா?"

பௌதிலியோ பொய் சொல்லிப் பழகியவர் இல்லை. அவள் இருமிக்கொண்டிருக்கும்போதே, அவள் காது கேட்க, அவள் இல்லை என்று எப்படிச் சொல்வது? "ரெண்டு பேரு" என்றார்.

"அந்தம்மாவுக்கு எத்தனை வருஷமா இப்படி?"

"பதிமூணு ஆகப்போகுது."

பர்ரியா அபராதச் சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வேறொரு படிவத்தை எடுத்தான். வேலிக்கு அந்தப்பக்கம் நோல்ஃபா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். பழைய அடுப்பை ஒப்படைத்தால் அரசாங்கமே புது அடுப்பு தரும் திட்டம் அது; புகை இல்லாதது, மரத்தூளை அழுத்திச் செய்த மணிகளைத் தின்பது. ஊரில் பாதிப்பேர் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். நெஞ்சு நோயாளி இருக்கும் வீட்டுக்கு முன்னுரிமை. ஆகஸ்டில் பட்டியல் ஒட்டியபோது பௌதிலியோவின் பெயர் முதலில் இருந்தது. எதெல்மிராவின் இருமலே எதெல்மிராவின் அடுப்பை வீட்டைவிட்டு அனுப்பச் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டது.

அவர் கையெழுத்துப் போட மறுத்தார். மூன்று வாரம் தபால்காரனைக் கண்டால் பின்வாசல் வழியாகப் போனார். அப்புறம் ஒரு அவசர நாளில் யாஸ்னாவைக் கம்பளியில் சுற்றி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வேலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குக் கம்பளிக்குள்ளிருந்து சத்தம் கேட்டது: இரண்டு குட்டை, ஒரு நீளம். செருமல் மட்டும் இல்லை. அதைக் கற்றுக்கொள்ளும் வயது குழந்தைக்கு இன்னும் வரவில்லை. பௌதிலியோ உள்ளே போய்த் தகட்டைத் திறந்தார். அடுப்பு பளிச்சென்று எரிந்து வாயை மூடிக்கொண்டது. மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்னாலேயே வாசலில் போய் நின்று, திறந்ததும் கையெழுத்துப் போட்டார்.

ஒப்படைக்கும் அடுப்பு இருபத்துநான்கு மணி நேரம் அணைந்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் கடைசியாக ஒருமுறை என்பதற்கெல்லாம் வழியில்லை. துணியை நனைத்து அதன் முகத்தைத் துடைத்துவிட்டார். லாரி வந்தது. பழைய அடுப்பை மறைத்து விற்றுவிடுகிறார்கள் என்பதால் சொந்தக்காரர் முன்னிலையிலேயே அதை வெட்டிப் புகைப்படம் எடுக்க வேண்டும். இரும்புக்கடையில் பௌதிலியோவின் கையில் எண் எழுதிய பலகையைக் கொடுத்து நிற்கவைத்தார்கள். கேஸ் கட்டரின் தீ பட்டு இரும்பு சிவந்ததும் அது இருமியது. ஒரே ஒரு தடவை, குட்டையாக. வெட்டிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தி, "யாருக்கு இருமல்?" என்று சுற்றிலும் பார்த்தான். எனக்கில்லை, எனக்கில்லை என்றார்கள். யாருக்கோ ஒட்டும் நோய் என்று நினைத்து முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் மீதியையும் வெட்டினான். படம் நன்றாக வந்தது. படத்தில் பௌதிலியோ பலகையை நேராகத்தான் பிடித்திருக்கிறார்.

புது அடுப்புக்குப் பொத்தான்கள் இருந்தன. அதன்மேல் கெண்டி வைக்க முடியாது, மின்சாரம் போனால் அதுவும் போகும், சாலையில் பனி மூடி லாரி வராத வாரங்களில் மணிகள் கிடைக்காமல் அவர் ஓவர்கோட்டோடு படுத்தார். மற்ற நாள்களில் வீடு சூடாக, சுத்தமாக இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் மூடி வைத்தாலும் ஒன்றும் கேட்கவில்லை. யாஸ்னா பிழைத்து வந்தாள். ஊரின் மற்ற அடுப்புகளெல்லாம் வழக்கம்போலப் புழுங்கிக்கொண்டிருந்ததால் அவள் இருமல் அப்படியேதான் இருந்தது. நோல்ஃபா அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை, கேட்காமலே பலகைச் சுவர் வழியாகத் தெரிந்தது.

அடுத்த வருடம் செப்டம்பரில், திட்டத்தால் என்ன பயன் என்று கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். வீடு சூடாக இருக்கிறதா? இருக்கிறது. புகை? இல்லை. நோயாளியின் இருமல் எப்படி இருக்கிறது? பௌதிலியோ புது அடுப்பின் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார்.

"நின்னுடுச்சு" என்றார்.

"சுத்தமாவா?"

"ராத்திரி பகல் பூராவும் காதை வெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு சத்தம் இல்லை."

அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அன்றைக்குப் பார்த்த வீடுகளில் எதிலும் இப்படி நல்ல சேதி கிடைக்கவில்லை. அந்தம்மாவும் ஒரு கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்கும் என்றாள்.

"தூங்கறா" என்றார் பௌதிலியோ. "இருமல் நின்னப்புறம்தாம்மா ஒழுங்காத் தூங்கறா. எழுப்பாதே."

அவள் உடனே குரலைத் தாழ்த்தி மீதிக் கேள்விகளைக் கிசுகிசுப்பாகக் கேட்டாள். அவரும் கிசுகிசுப்பாகவே பதில் சொன்னார். முழுக் குணம் என்று எழுதி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு, பனியில் மெதுவாகக் கால்வைத்து வெளியே வந்தாள். வேலியில் நோல்ஃபா காத்திருந்தாள். நூறு கேள்வி வைத்திருந்தாள். அந்தப் பெண் உதட்டில் விரலை வைத்து வீட்டைக் காட்டினாள். நோல்ஃபா வீட்டைப் பார்த்தாள், அதன் சுத்தமான கூரையைப் பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காமல், குரைக்க வந்த நாயின் வாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.