வருஷக் கடைசியில் வாங்கிய சன்ஸ்கிரீன்

டிசம்பர் கடைசி நாள் வந்துவிட்டால் யூமா ஊர் மருந்துக்கடையில் கால் வைக்க இடமிருக்காது. மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்தில் பிடித்த பணத்தை அன்றைக்குள் தீர்க்காவிட்டால் அது கம்பெனிக்கே போய்விடும். யார் விடுவார்கள்? பார்வை நன்றாக இருக்கிறவன்கூடக் கண்ணாடி வாங்குவான். டோரீனும் அந்தப் பணம் இருக்கிற புருஷன் ஹாலிஸின் கார்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஹாலிஸுக்குக் கூரை போடுகிற வேலை. அரிசோனா வெயிலில் வருஷக்கணக்கில் வெந்த உடம்பு. இடது காதின் மேல் ஒரு புண் ஆறாமல், பொருக்குத் தட்டிக் கிடந்தது. தோல் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் முகம் சுருங்கி, "புற்றா இருக்கலாம். ஜனவரியில வெட்டி எடுத்துடலாம். தள்ளிப் போட்டுடாதீங்க" என்றிருந்தார். அன்றிலிருந்து வெயிலைக் கண்டாலே டோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயில் தாக்காமல் பூசுகிற சன்ஸ்கிரீனும் மருத்துவச் செலவில் சேரும் என்பதால், பாதி விலைக்குக் குவித்திருந்ததைத் தள்ளுவண்டி நிறைய அள்ளினாள்.

"கடலுக்கா போறீங்க?" என்றாள் பில் போடும் பெண்.

"கூரைக்குப் போறான் என் வீட்டுக்காரன். இனிமே பூசாம ஏறட்டும், பாத்துக்கறேன்!"

மேசை நிறைய டியூப்களைக் கண்டதும் ஹாலிஸுக்குச் சிரிப்பு வந்தது. "என்ன, வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறியா?"

"எல்லாம் உன் கார்டுலதான். விடிஞ்சா பணம் போயிடும்ல? ஒரு காசு விடல."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "அது பழைய கம்பெனியில, டோரீன். இங்க கணக்கே வேற. எத்தனை வருஷமானாலும் பணம் அப்படியே நிக்கும். காதுக்குன்னுதான் சேத்து வெச்சிருந்தேன். புது வருஷம் பொறந்தா முதல் செலவெல்லாம் நம்ம தலையில. அதுக்கப்புறம்தான் இன்சூரன்ஸ்காரன் தருவான்."

"அட கடவுளே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

அத்தனையையும் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டு கடைக்கு ஓடினாள். பில் போடும் பெண்ணுக்கே பாவமாகிவிட்டது. "தள்ளுபடிச் சாமான் திரும்ப எடுக்க மாட்டாங்கம்மா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"கடன் வாங்கலாம் ஹாலிஸ், உன் காலைப் பிடிக்கிறேன்" என்று அன்றிரவு கெஞ்சினாள்.

"வீட்டுக் கடனே கழுத்தை நெரிக்குது. ஒரு பொருக்குக்கு என்ன இப்ப? ஜூனுக்குள்ள கார்டுல மறுபடி பணம் சேந்துடும், அப்பப் பாத்துக்கலாம்."

சொன்னபடியே அடுத்த வேலை நாளில் டாக்டருக்குப் போன் போட்டுத் தேதியை மாற்றிவிட்டான். பிறகு ஒரு டியூபை எடுத்து அவளிடம் நீட்டினான். "காது எனக்குத் தெரியல. நீயே பூசிவிடு."

பூசினாள். வெள்ளைக் களிம்புக்கடியில் புண் சொரசொரவென்று விரலில் தட்டுப்பட்டது. முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. நானே இவனைக் கொன்றுவிடுவேனோ என்று நினைத்தபடி இன்னும் கொஞ்சம் பூசினாள்.

"எரியுதா?"

"இல்லயே" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவள் பார்த்தும் பாராததுபோல மூடியைத் திருகினாள்.