ஜோடி சொன்னது

வகுப்பில் யாரும் வாயைத் திறப்பதில்லை என்பதுதான் டீச்சருக்கு வெகுநாள் குறை. அதற்காகத்தான் இந்த ஜோடிப் பேச்சைக் கொண்டுவந்தாள். பக்கத்தில் இருப்பவரோடு ஒரு கேள்வியைப் பேச வேண்டும். பிறகு எழுந்து, தன் கருத்தை அல்ல, ஜோடி சொன்னதைச் சொல்ல வேண்டும். முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது, டீச்சரும்தான். கரும்பலகையின் ஓரத்தில் அதை அவளே எழுதி வைத்திருந்தாள்.

கல்லாய் உட்கார்ந்திருந்த பிள்ளைகளெல்லாம் கலகலப்பாகிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரே அழுத்தக்காரி, அதே வகுப்பில் படித்த டீச்சரின் சொந்த மகள். அவளை வேண்டுமென்றே, எல்லோரும் ‘ரேடியோ’ என்று கூப்பிடும் பெண்ணின் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

அன்றைய கேள்வி சாதுவானது: அடுத்த வருஷம் உன் வீட்டில் என்ன மாறும்?

ரேடியோ எழுந்தாள். மகள் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்ததை அவள் கவனிக்கவில்லை.

“இவங்க அப்பா மாற்றலைத் தானே கேட்டு வாங்கியிருக்காராம் டீச்சர். இனிமே வேற ஊர்ல தனியா இருப்பாராம். அம்மாகிட்ட இப்ப சொல்லாதேன்னு இவகிட்ட...”

அந்த அம்மா யாரென்று அப்போதுதான் ரேடியோவுக்கு உறைத்தது. டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“குறுக்கே பேசக் கூடாது டீச்சர்,” என்றது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பு சிரித்தது. மகள் மேசையில் முகம் கவிழ்த்துக்கொண்டாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவள் போல டீச்சர் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றாள்.

மாலையில், கணவர் செருப்பைக் கழற்றும்போதே அவள் முகத்தைப் படித்துவிட்டார்.

“அவ சொல்லிட்டாளா?”

“அவ சொல்லலைங்க. அவ ஜோடி சொன்னா.”

சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். உள் அறையின் கதவை மகள் மெல்லச் சாத்திக்கொண்டாள்.

“நீங்க பேசுங்க. நான் குறுக்கே பேசமாட்டேன்.”

அவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். “நாம பேசியே ரொம்ப நாளாச்சும்மா. சண்டைன்னு சொல்ல முடியாது. சண்டை போடக்கூட நமக்குள்ள ஒண்ணும் மிச்சமில்ல. அதான் போறேன்.”

அடுத்தது அவள் முறை. பழக்க தோஷம், முதலில் ஜோடி சொன்னதுதான் வாயில் வந்தது.

“ஒண்ணும் மிச்சமில்லன்னு சொல்றீங்க. அதனால போறீங்க.”

வகுப்பில் அதோடு முடிந்துவிடும்; இங்கே தன்னுடையதையும் சொல்ல வேண்டும். போகாதீங்க என்ற ஒற்றைச் சொல் தொண்டைவரை வந்தது. ஒரு வகுப்பையே பேசவைத்தவளுக்கு அதற்குமேல் அதை நகர்த்தத் தெரியவில்லை.

அவர் வெகுநேரம் காத்திருந்தார். குறுக்கே பேசவே இல்லை.